செலவில்லாத விறகு என்றொரு பொய்

பாலைவனப் பயணத்தைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளில் ஒரு காட்சி தவறாமல் வந்துவிடுகிறது. மணல்மேட்டுக்கு அப்பால் இறங்கும் சூரியன், கூடாரத்தின் முன் கொழுந்துவிட்டு எரியும் நெருப்பு, அதன்மேல் கரிபிடித்த பாத்திரம், அதில் கொதிக்கும் பருப்பு. அடுத்த பத்தியில், நகரத்து ஆடம்பரங்களைத் துறந்து எளிமைக்குத் திரும்பிய பரவசம். அதற்கும் அடுத்த பத்தியில் ஒரு சிக்கனக் குறிப்பு: விறகு அங்கேயே கிடைத்தது, ஆகவே சமையலுக்குச் செலவே ஆகவில்லை.

இந்தக் கடைசி வரியோடுதான் எனக்குச் சண்டை. பரவசத்தை விட்டுவிடலாம், அது அவரவர் உரிமை. ஆனால் பாலைவனத்தில் விறகு சும்மா கிடைக்கிறது என்று எழுதுவது அறியாமை. அதையே எளிமை என்று கொண்டாடுவது அறியாமையைவிட மோசமானது. காசு கொடுக்காமல் எடுத்த பொருளுக்கு விலை இல்லை என்று நம்புகிற மனம்தான் நகரத்து மனம். அதைத் துறந்துவிட்டு வந்ததாகச் சொல்லிக்கொண்டே அதைக் கையோடு கொண்டுபோயிருக்கிறார்கள்.

இந்தப் பார்வைக்கு நம் வாசிப்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தமிழ் இலக்கியம் படித்த நமக்குப் பாலை என்பது தனி நிலமல்ல. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என்கிறது சிலப்பதிகாரம். அது ஒரு பருவம், தலைவன் கடந்து போகும் வழி, பிரிவுக்கான பின்புலம். அங்கே நிலையாகக் குடியிருந்து, நாள்தோறும் அடுப்பு மூட்டி, பிள்ளைக்குச் சோறு போட வேண்டிய ஒருத்தியை நாம் அந்தத் திணையில் அதிகம் சந்திப்பதில்லை. அந்தப் பழக்கத்தோடு ஜெய்சால்மருக்குப் போகிறவர் கண்ணுக்குத் தார் பாலைவனமும் 'வெறுமை'யாகவே தெரிகிறது. வெறுமையான இடத்தில் கிடக்கும் சுள்ளிக்கு உரிமையாளர் எப்படி இருக்க முடியும்? எடுத்து எரித்துவிடுகிறார்.

ஆனால் தார் வெறுமையான இடமல்ல. உலகின் பாலைவனங்களில் மக்கள் மிக நெருக்கமாக வாழும் இடங்களில் ஒன்று அது. அதன் மேற்குப் பகுதியில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்த மழையில் வளரும் மரம் எவ்வளவு மெதுவாக வளரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அங்கே மணல்மேடுகளில் 'போக்' என்றொரு புதர் உண்டு. இலை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாத, குச்சிகளாலான புதர். அதன் பூமொட்டுகளைத் தயிரில் கலந்து உண்கிறார்கள். ஒட்டகம் அதை மேய்கிறது. அதன் வேர்கள்தாம் மணல்மேட்டைக் காற்றில் நகரவிடாமல் பிடித்து வைத்திருக்கின்றன. அதன் கட்டை நன்றாக எரியும் என்பதே அதற்குச் சாபமாக முடிந்தது. விறகுக்காகவும் கரிக்காகவும் வேரோடு தோண்டப்பட்டுப் பல இடங்களில் அருகிப்போயிற்று. பயணி எழுதுகிற 'காய்ந்த சுள்ளி' பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரு செடியின் மிச்சம்தான். காய்ந்து கிடப்பதாலேயே அது யாருக்கும் வேண்டாதது ஆகிவிடாது. காய்ந்த பிறகே அதை எடுக்க வேண்டும் என்று காத்திருக்கிற ஒருத்தி பக்கத்துக் கிராமத்தில் இருப்பாள். விறகு சேர்ப்பது அங்கும் பெரும்பாலும் பெண்களின் வேலை.

இன்னொரு மரத்தை நாமும் அறிவோம். அங்கே கேஜ்ரி என்கிறார்கள். நமக்கு அது வன்னி. விருத்தாசலம் முதலிய பல சிவன் கோயில்களில் தலமரமாக நிற்பது. வன்னி என்ற சொல்லுக்கு நம் மொழியில் நெருப்பு என்றும் பொருள் உண்டு. ஆனால் அந்த மரத்தை நெருப்பிலிருந்து காப்பதற்காக உயிர் கொடுத்தவர்கள் தார் மக்கள். 1730ஆம் ஆண்டு ஜோத்பூர் அரசருக்குப் புதிய அரண்மனை கட்டச் சுண்ணாம்பு சுட வேண்டியிருந்தது. காளவாய்க்கு விறகு வெட்ட கேஜ்ரலி கிராமத்துக்கு ஆட்கள் போனார்கள். அமிர்தா தேவி என்ற பெண் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரையும் அவரைத் தொடர்ந்து வந்தவர்களையும் சேர்த்து 363 பிஷ்னோயிகள் வெட்டப்பட்டார்கள். இந்த நிகழ்ச்சியைச் சுற்றுச்சூழல் வரலாறாகச் சொல்கிறோம், சரிதான். ஆனால் அதன் நடுவில் இருந்தது எரிபொருள் என்பதை மறந்துவிடுகிறோம். பச்சை மரத்தை வெட்டலாகாது என்பது பிஷ்னோயிகளின் 29 நெறிகளுள் ஒன்று. அவர்கள் இறந்தவர்களை எரிப்பதில்லை, புதைக்கிறார்கள். சிதைக்காக மரம் வெட்ட நேரக்கூடாது என்பதை அதற்கு ஒரு காரணமாகச் சொல்வார்கள். 2024, 2025ஆம் ஆண்டுகளில்கூட, சூரிய மின்நிலையங்களுக்காக வன்னி மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து பீகானேர்ப் பகுதியில் போராட்டங்கள் நடந்தன. பிணத்துக்கும் விறகை மிச்சம் பிடிக்கிற ஊருக்குப் போய், புகைப்படம் நன்றாக வர வேண்டும் என்பதற்காகக் கட்டைகளை அடுக்கி எரிப்பதற்குப் பெயர் எளிமையா?

பாலைவன உணவைப் பற்றி எழுதுகிறவர்கள் செய்யும் இரண்டாவது அநீதி, அதை வறுமையின் உணவாகப் பார்ப்பது. காரமும் எண்ணெயும் தவிர வேறொன்றும் அறியாத முரட்டுச் சமையல் என்று ஒருவர் எழுதியதைப் படித்திருக்கிறேன். அந்தச் சமையலை எரிபொருள் கணக்காக ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

கம்பு மாவை மோரில் கரைத்து வெயிலில் புளிக்க வைத்து, பிறகு மண்பானையில் மெல்லிய தணலில் காய்ச்சுகிறார்கள். ராப்டி என்று பெயர். நம் கம்பங்கூழுக்கு உறவு. பாதி வேலையை வெயிலே செய்துவிடுகிறது. கேரும் சாங்ரியும் (சாங்ரி என்பது வன்னியின் இளங்காய்தான்) பருவத்தில் பறித்துக் காயவைக்கப்படுகின்றன. வேண்டும்போது ஊறவைத்து வேகவைத்து எண்ணெயில் வதக்கினால், நீர்ப்பசை குறைவாதலால் பல நாள் கெடாது. ஒருமுறை மூட்டிய அடுப்பு ஒரு பயணத்துக்கே கறி கொடுக்கிறது. கோதுமை உருண்டைகளை வறட்டித் தணலில் புதைத்துச் சுடுவது பாட்டி. கொழுந்து அடங்கிய பிறகு எஞ்சும் சூடு நம் வீடுகளில் வீணாகப் போகும். அங்கே அதுதான் அடுப்பு.

சகாராவில் துவாரெக் மக்கள் சுடும் தகேல்லா ரொட்டிக்குச் சட்டிகூட வேண்டாம். மணல்மேல் சிறு நெருப்பு மூட்டி, தணலை விலக்கி, சூடேறிய மணலில் மாவை இட்டு, மேலே மணலும் தணலும் மூடிவிடுகிறார்கள். வெந்ததும் மணலைத் தட்டிக் கழுவிப் பிய்த்துக் குழம்பில் போடுகிறார்கள். தேநீர்க் கெண்டிக்கும் அதே கங்குகளில் நான்கைந்து போதும். இதில் முரட்டுத்தனம் எங்கே இருக்கிறது? ஒவ்வொரு சுள்ளியையும் இருமுறை வேலை வாங்கத் தெரிந்த நுட்பம் அல்லவா இது?

நுட்பம் என்று சும்மா சொல்லவில்லை, கணக்கு இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரை 25 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 314 கிலோஜூல் வெப்பம் போதும். அதே தண்ணீரை முழுவதும் ஆவியாக்க ஏறத்தாழ 2,257 கிலோஜூல் வேண்டும். ஏழு மடங்குக்கும் மேல். மூடாத பாத்திரத்தில் தளதளவென்று கொதிக்கவிடுகிறவர் உணவைச் சமைப்பதைவிடப் பாலைவனக் காற்றை ஈரப்படுத்துவதற்கே அதிகம் செலவிடுகிறார். கொதித்த பிறகு தீயைக் கூட்டினாலும் தண்ணீரின் சூடு கூடாது, ஆவிதான் கூடும். திறந்தவெளியில் மூன்று கல் வைத்து மூட்டும் அடுப்பில் பத்தில் ஒரு பங்கு வெப்பம் பாத்திரத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு லிட்டர் தண்ணீர் கொதிநிலையை எட்டுவதற்கு மட்டுமே 200 கிராம் காய்ந்த விறகு வேண்டும். நான்கு பேருக்குச் சோறு, பருப்பு, தேநீர், இடையில் குளிர் காயவும் என்றால் எத்தனை கிலோ என்று வாசகரே கூட்டிப் பார்க்கலாம். காற்று அடித்தால் அந்தப் பத்தில் ஒரு பங்கும் குறையும்.

அப்படியானால் பாலைவனத்தில் கூடாரமடிக்கிறவர் பட்டினி கிடக்க வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். பாலைவனச் சமையல் கற்றுத்தருவதைப் பின்பற்றினால் போதும். அதுவே செலவிலும் குறைந்தது.

முதலில், நெருப்பே வேண்டாத உணவுகள். அவலைத் தண்ணீரில் நனைத்தால் பத்து நிமிடத்தில் உணவு. பொட்டுக்கடலை மாவு, வெல்லம், பேரீச்சம்பழம், வறுத்த நிலக்கடலை ஆகியவை எல்லாம் வீட்டு அடுப்பிலோ வெயிலிலோ ஏற்கெனவே வெந்தவை. பகலில் இவை போதும். அடுத்து, ஊறல். காலையில் மூடியுள்ள டப்பாவில் பாசிப்பயறை ஊறப்போட்டால் மாலையில் விரைவில் வேகும். முழுப் பயற்றைவிட உடைத்த பருப்பு விரைவாக வேகும். மைசூர்ப் பருப்பு ஊறாமலேகூட வேகும். ஊறிய தண்ணீரையும் சமையலுக்கே பயன்படுத்தலாம், ஏனெனில் அங்கே தண்ணீரும் எரிபொருளைப் போலவே எண்ணி எடுத்துவைக்க வேண்டிய பொருள். மூன்றாவது, மூடி. சிறிய குக்கர் ஒன்று இருந்தால், ஆவி நிறைந்து ஒரு விசில் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, கம்பளியில் சுற்றி அரை மணி நேரம் வைத்தால் மிச்ச வேலையை உள்ளே இருக்கும் சூடே செய்துவிடும். நான்காவது, வெயில். கண்ணாடி மூடியும் உள்ளே கறுப்புப் பாத்திரமும் கொண்ட சூரிய அடுப்பில் சோறும் பருப்பும் சில மணி நேரத்தில் வேகும். ஜோத்பூரிலுள்ள மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிறுவனம் மாட்டுத்தீவனம் வேகவைப்பதற்கே ஒரு சூரிய அடுப்பை வடிவமைத்திருக்கிறது. மாட்டுக்கு வேகவைக்கும் வெயில் மனிதருக்கு வேகவைக்காதா?

மிஞ்சும் தேவைக்குச் சிறிய கேஸ் அடுப்பு போதும். காற்றை மறைக்கக் குழிவான இடத்தில் வைக்கலாம். ஆனால் சிலிண்டரையும் சேர்த்துத் தகடால் சுற்றி மூடக்கூடாது, சூடேறினால் ஆபத்து. பாத்திரம் துலக்க மணலே போதும். அங்குள்ளவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

மூன்று மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். கேஸ் அடுப்பில் 'அசல் தன்மை' இல்லை என்பது முதலாவது. அசல் தன்மை யாருக்காக? பாலைவனக் கிராமத்துப் பெண் புகையில்லாத அடுப்பு கிடைத்தால் வேண்டாம் என்றா சொல்கிறாள்? 2016இல் உஜ்வலா திட்டம் தொடங்கிய பிறகு அங்கும் சிலிண்டர் போயிற்று. மறுமுறை நிரப்பப் பணம் இல்லாதபோதுதான் அவள் மீண்டும் சுள்ளி பொறுக்கப் போகிறாள். அவளால் வாங்க முடியாததை நம்மால் வாங்க முடிகிறது. அதை வாங்காமல் அவளுடைய சுள்ளியை நாம் எடுத்துக்கொண்டு, அதற்குச் சிக்கனம் என்று பெயரும் வைக்கிறோம்.

ஒருவர் எரிப்பதால் என்ன குறைந்துவிடும் என்பது இரண்டாவது. ஒருவர் போவதில்லை. சாம் மணல்மேடுகளைச் சுற்றி வரிசை வரிசையாகக் கூடாரங்கள் நிற்கின்றன. குளிர்காலத்தில் ஒவ்வொரு முற்றத்திலும் இரவுக்கு இரவு நெருப்பு எரிகிறது. ஒவ்வொருவரும் தம்மை அந்த 'ஒருவர்' என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

முகாம் நடத்துகிறவர் விறகைக் காசு கொடுத்துத்தானே வாங்குகிறார் என்பது மூன்றாவது. வாங்கட்டும். காசு விற்றவருக்குப் போகும். மணலைப் பிடித்து வைத்திருந்த வேருக்குப் போகாது. கேஜ்ரலிக்குப் போன அரசரின் ஆட்களும் மரத்துக்கு ஈடாகப் பணம் கேட்டதாகவே கதை சொல்கிறது. அமிர்தா தேவி அதைக் கொடுக்க மறுத்தார்.

பயணக்கட்டுரை எழுதும் நண்பர்களிடமும் அதை வெளியிடும் ஆசிரியர்களிடமும் நான் கேட்பது அதிகமில்லை. நெருப்பைப் பற்றி எழுதினால், விறகு எங்கிருந்து வந்தது, யார் சுமந்து வந்தார், எவ்வளவு எரிந்தது என்பதையும் எழுதுங்கள். ஜெய்சால்மரில் இத்தனை ரூபாய்க்குச் சாப்பிட்டேன் என்று கணக்குக் கொடுக்கிறவர்கள் இந்த மூன்று வரிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். சேர்க்க முடியவில்லை என்றால், அந்த இரவில் அவலை நனைத்துச் சாப்பிட்டுவிட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கலாம்.