கருவிக்கு உரிமம், கையாள்வோர்க்கு?

ஆரணியில் குழித்தறியிற் குனிந்து பட்டு நெய்யும் நெசவாளி, நெஞ்சுவலியென்று மருத்துவமனைக்குச் செல்லுங்கால் ஊடுகதிர்க் கருவியின்முன் நிறுத்தப்பெறுகின்றார். படம் எடுத்தவர் பெயரை அவர் அறியார். அவர் நெய்த சேலையை உடுத்துவோரும் அவர் பெயரை அறியார்.

செருமானிய அறிஞர் இரோண்ட்கன் 1895-இல் கண்ட கதிர் அது. 1934-லேயே சென்னையில் பார்னார்டு கதிரியல் நிலையம் தோன்றிவிட்டது. 2004-ஆம் ஆண்டின் கதிர்வீச்சுக் காப்பு விதிகள், அணுவாற்றல் ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமமோ பதிவோ இன்றி ஊடுகதிர்க் கருவியை இயக்கலாகாது என்றன. கருவியை இயக்கும் மாந்தரைப் பதிவுசெய்ய நாடு தழுவிய சட்டமோ 2021-இல்தான் வந்தது. இரும்புக்கு முன்பதிவு, மாந்தனுக்குப் பதினேழாண்டு கழித்து!

துணைமருத்துவ நலவாழ்வுத் தொழிலர் ஆணையச் சட்டம் என்னும் அது வந்தமை நன்றே. துணைத் தொழிலர்க்குக் குறைந்தது 2,000 மணிநேரப் படிப்பு, நலவாழ்வுத் தொழிலர்க்கு 3,600 மணிநேரம் என்று வரையறுக்கின்றது. ஊதியம் எவ்வளவு? அதைப்பற்றி அச்சட்டம் வாய்திறக்கவில்லை.

ஒருமுறை படித்ததும் போதாது. படச்சுருளும் இருட்டறையும் இருந்த காலத்தில் கதிர் மிகுந்தால் படம் கறுத்துவிடும். பிழை அப்போதே கண்ணிற்படும். இன்றைய எண்மக் கருவியோ மிகைக் கதிரையும் தானே சரிசெய்து தெளிந்த படமாகக் காட்டிவிடுகின்றது. மிகை நோயாளியின் உடலிற் சேர்கின்றது, படத்தில் தெரிவதில்லை. இதனை உணர்ந்து அளவைக் குறைப்பவர் தொடர்ந்து கற்ற தொழிலரே. அக்கல்வியை ஒருநாட் கூலியிழந்து, கைப்பொருள் செலவிட்டுப் பெறுக என்பது எவ்வகை முறை? அதுவும் ஆங்கிலத்தில்! பாவு, ஊடை, அச்சு, விழுது எனத் தறிநுட்பத்தைத் தமிழிற் கற்ற வீட்டுப் பிள்ளைக்குக் கதிர்நுட்பம் மட்டும் தமிழில் ஏறாதோ?

இத்தொழிலர் நெஞ்சில் அணியும் கதிரளவுப் பட்டை மூன்று திங்களுக்கொருமுறை அளந்து பார்க்கப்பெறும். ஐந்தாண்டைச் சேர்த்து நிரவினால் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டு. எந்தவோர் ஆண்டிலும் 30-ஐ மிஞ்சலாகாது. நிலைப்பணியாளர்க்கும் தொகுப்பூதியத்தார்க்கும் வரம்பு ஒன்றே. கதிர் ஆள் பார்த்துப் பாய்வதில்லை. ஊதியப் பட்டியல்தான் ஆள் பார்க்கின்றது. ஒத்த பணி செய்யும் நிலையிலாப் பணியாளர்க்கும் ஒத்த ஊதியம் வேண்டுமென்று, பஞ்சாபு அரசின் வழக்கில் உச்ச முறைமன்றம் 2016-இலேயே தீர்ப்புரைத்துவிட்டது.

தனியார் நிலையங்கள் கருவியின் விலையைக் காட்டிக் கைவிரிக்கும். நூல்விலையைக் காட்டிக் கூலியைப் பிடிக்கும் கதை நெசவூர்களுக்குப் புதிதன்று. தமிழக அரசு, பதிவுபெற்ற தொழிலர்க்குக் குறைந்த அளவு ஊதியத்தை வரையறுத்து அறிவித்தல் வேண்டும். தொடர்கல்வி நேரத்தை ஊதியத்தோடு கூடிய பணிநேரமாகக் கொள்ளல் வேண்டும். அதற்குரிய நூல்களைத் தமிழில் ஆக்கித் தருதல் வேண்டும்.