செங்கல்லில் இல்லாத குறை

அமெரிக்க நாட்டின் கான்சாஸ் மாநிலத்தில், டொபீகா நகரில், மன்றோ தொடக்கப் பள்ளி என்றொரு செங்கற் கட்டடம் நிற்கிறது. 1926-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது. இரண்டு மாடிகள், இத்தாலிய மறுமலர்ச்சிக் காலத்து மாளிகைகளின் சாயல், செங்கற் சுவருக்கு அணிசெய்யும் வெளிர்நிறச் சுண்ணாம்புக்கல் வேலைப்பாடு, வகுப்பறைகளுக்கு வெளிச்சம் தரும் பெரிய சாளரங்கள். வரைந்தவர் தாமஸ் வில்லியம்சன் என்னும் கட்டடக் கலைஞர். அந்நகரில் வெள்ளையர் பிள்ளைகளின் பள்ளிகளையும் அவரே வரைந்தார். மன்றோவோ, கறுப்பினப் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்ட நான்கு தொடக்கப் பள்ளிகளுள் ஒன்று.

ஒதுக்கப்பட்டவர்களுக்கு ஒழுகும் கூரையே கிடைக்கும் என்றுதானே எண்ணுவோம்? இங்கே அப்படியன்று. கட்டடம் உறுதியானது; ஆசிரியர்களும் நன்கு கற்றவர்கள். பின் ஏன் வழக்கு?

மெதடிஸ்ட் சபையொன்றின் துணைப் போதகரான ஆலிவர் பிரவுனின் மகள் லிண்டா, ரயில்வே தண்டவாளங்களைக் கடந்து நடந்து, பேருந்துக்குக் காத்திருந்து மன்றோவுக்குச் செல்ல வேண்டியிருந்தது. வெள்ளையர் படித்த சம்னர் பள்ளியோ வீட்டிலிருந்து ஏழே தெருக்கள் தள்ளி இருந்தது. அங்கே தந்தை இடம் கேட்டார், மறுத்தார்கள். 1951-இல் பதின்மூன்று பெற்றோர் நீதிமன்றம் ஏறினர்.

கட்டடமும் பாடத்திட்டமும் ஆசிரியர் தகுதியும் ஏறத்தாழச் சமமே என்று கூறி, கீழ் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. ஆனால் பிரித்துவைத்தல் கறுப்பினப் பிள்ளைகளின் உள்ளத்தைத் தாழ்த்துகிறது என்றும் அதே நீதிமன்றம் பதிவு செய்தது. இவ்விரு கூற்றுகளும் ஒரே தீர்ப்பில் இடம்பெற்றதுதான் எனக்கு வியப்பு.

இவ்வழக்குடன் உச்ச நீதிமன்றத்தில் இணைக்கப்பட்ட வர்ஜீனியா வழக்கில், மாணவர்கள் தார்க்காகிதம் வேய்ந்த கொட்டகைகளிலும் படித்தார்கள். அங்கே புதிய கட்டடம் ஒன்றைக் கட்டிக் கொடுத்துக் குறையை மூடிவிடலாம். 1953-இல் கட்டியும் கொடுத்தார்கள். டொபீகாவில் அந்த வழி இல்லை. சுவரும் சாளரமும் குற்றமற்றிருந்தமையால், பிரிவினை ஒன்றே குற்றவாளியாய்க் கூண்டில் நின்றது. 1954 மே 17-ஆம் நாள் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, பொதுப் பள்ளிகளில் இனம் பார்த்துப் பிரிப்பது சமத்துவத்துக்கே முரண் எனத் தீர்த்தனர்.

1975-இல் மன்றோ மூடப்பட்டது; 1992-இல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது. தீர்ப்பின் ஐம்பதாம் ஆண்டு நிறைவு நாளான 2004 மே 17 அன்று, பழைய செங்கற் சுவர்கள் அப்படியே நிற்க, அதன் கதவுகள் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன.