வான வீதிக்கு வேலியா?

நமது தேசத்தில் வானவெளித் தொழில் 2020-ம் வருஷத்தில் தனி முதலாளிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. 2023-ம் வருஷத்தில் இந்திய ஸர்க்கார் வெளியிட்ட வானவெளிக் கொள்கை அதனை ஊர்ஜிதம் செய்தது. அதற்கு முன் ராக்கெட்டு ஏவுவதும் செயற்கைக்கோளை நடத்துவதும் பெரும்பாலும் ராஜாங்கத்தின் காரியங்களாகவே இருந்து வந்தன. இந்த மாறுதல் நல்லதா, அன்றா என்ற வாதத்தில் இன்று நாம் புக விரும்பவில்லை. ஆனால் தனி முதல் புகுமிடத்தில் தனியுரிமையும் கூடவே புகும் என்பதை நம்மவர் மறந்துவிடலாகாது. வானவெளிக் கருவிகளுக்கும், மின்சக்தியை நிர்வகிக்கும் மென்பொருள்களுக்கும் 'பேடண்டு' என்று வழங்கும் காப்புரிமை கோரும் மனுக்களை நாம் எதிர்பார்க்க வேண்டும். எதற்கு உரிமை கொடுப்பது, எதற்கு மறுப்பது என்பதைப் பிறர் பட்ட அநுபவத்தைக் கொண்டு முன்கூட்டியே தெளிந்துகொள்வது அறிவுடைமை. வேலி போட்ட பிறகு வழக்காடுவது வீண் செலவு.

பேடண்டு என்பது என்ன? ஜன சமூகமும் ஒரு கண்டுபிடிப்பாளனும் செய்துகொள்ளும் ஒப்பந்தம். "நீ கண்டதை ஒளிக்காமல் எழுதி வெளியிடு, 20 வருஷ காலம் உன் அனுமதியின்றி வேறொருவரும் அதைச் செய்யாதபடி பார்த்துக்கொள்கிறோம், அதன் பின் அது எல்லோருக்கும் பொது" என்று சமூகம் சொல்லுகிறது. இந்த ஒப்பந்தத்தில் நியாயம் இருக்கிறது. இரவு பகலாக உழைத்துப் புதியதொரு வால்வையோ மின்கலத்தையோ செய்தவன் அதன் பலனைச் சிறிது காலம் அநுபவிப்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் சமூகமும் பதிலுக்கு ஏதேனும் ஒன்றைப் புதிதாகப் பெற வேண்டும். முன்னமே எல்லோருக்கும் பொதுவாயிருந்ததை எடுத்து வைத்துக்கொண்டு அதற்கு ஒருவன் உரிமைச் சீட்டு கேட்பானாகில், அது ஒப்பந்தமன்று, அபகரிப்பு.

இப்படியும் நடக்குமா என்று சந்தேகிக்கும் வாசகர்கள் சந்திரனைச் சுற்றிய ஒரு வழியின் கதையைக் கேட்க வேண்டும். 1997-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் ஹாங்காங் கம்பெனியொன்றின் 'ஏஷியாஸாட் 3' என்னும் செயற்கைக்கோள் ருஷ்யாவின் புரோட்டான் ராக்கெட்டில் ஏவப்பட்டது. ராக்கெட்டின் மேலடுக்கு பழுதுபட்டமையால், அது சேர வேண்டிய இடத்தைச் சேராமல் உதவாத பாதையில் அலைந்தது. இன்ஷூரன்ஸ்காரர்கள் முழு நஷ்டமென்று கணக்கைத் தீர்த்துவிட்டார்கள். அக்கோளைச் செய்துகொடுத்த ஹ்யூஸ் கம்பெனியின் எஞ்சினீயர்களோ மனம் தளரவில்லை. அதில் இருந்த எரிபொருளைக் கொண்டு, 1998-ம் வருஷம் மே மாதத்தில் ஒரு முறையும் ஜூன் மாதத்தில் ஒரு முறையுமாக அதனைச் சந்திரனைச் சுற்றி வரச் செய்தார்கள். சந்திரனுடைய ஈர்ப்பு அதன் பாதையைத் திருத்திக் கொடுத்தது. கைவிடப்பட்ட கோள் பயன்படும் பாதையில் வந்து சேர்ந்தது. மெச்சத்தக்க சாமர்த்தியம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் அந்த வழிக்கே ஹ்யூஸ் கம்பெனி அமெரிக்காவில் பேடண்டு வாங்கிற்று. 2000-ம் வருஷத்தில் அக்கம்பெனியின் செயற்கைக்கோள் தொழிலைப் போயிங் கம்பெனி விலைக்கு வாங்கவே, அந்த உரிமையும் போயிங்கின் கைக்குப் போயிற்று. பின்னர் 2008-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் 'ஏ.எம்.ஸி. 14' என்ற வேறொரு செயற்கைக்கோளுக்கும் அதே விபத்து நேர்ந்தது. ராக்கெட்டும் அதே புரோட்டான், பழுதும் மேலடுக்கில்தான். சந்திரனைச் சுற்றிக் கொண்டுவந்து அதனை மீட்கலாம் என்ற யோசனை எழுந்தது. போயிங்கின் பேடண்டு குறுக்கே நிற்கிறதென்று அப்போது பத்திரிகைகளில் செய்தி வெளியாயிற்று. இன்ஷூரன்ஸ் கணக்கும் இதில் கலந்திருந்தது. முடிவில் உடைமையாளர்கள் அந்த யோசனையைக் கைவிட்டு, முழு நஷ்டமென்று அறிவித்துவிட்டார்கள்.

சந்திரனுக்கு ஈர்ப்பு கொடுத்தது எந்தக் கம்பெனி? அதன் கணக்கை நியூட்டன் 1687-ம் வருஷத்திலேயே உலகுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். 1959-ம் வருஷத்தில் ருஷ்யர்களின் லூனா 3 சந்திரனைச் சுற்றித் திரும்பி அதன் மறுபக்கத்தைப் படமெடுத்துக் கொடுத்தது. 1970-ம் வருஷத்தில் அப்பொல்லோ 13-ன் பிராணவாயுத் தொட்டி வெடித்தபோது, மூன்று அமெரிக்க வீரர்கள் சந்திரனைச் சுற்றித்தான் உயிர் தப்பி வீடு வந்து சேர்ந்தார்கள். அன்று அவர்களிடம் வழிச்சுங்கம் கேட்க ஒருவருமில்லை.

1967-ம் வருஷத்து வானவெளி உடன்படிக்கையின்படி, சந்திரனையோ வானவெளியையோ எந்த தேசமும் தனக்குச் சொந்தமென்று கொண்டாடலாகாது. அந்த அமெரிக்காவே 1990-ம் வருஷத்தில் ஒரு சட்டமியற்றி, தன் ஆதிக்கத்துக்குட்பட்ட வானவெளிக் கலங்களுக்குள் தனது பேடண்டுச் சட்டம் செல்லுமென்று விதித்துக்கொண்டது. "பேடண்டு வானத்துக்கு அன்று, அதில் செல்லும் முறைக்கே" என்று சட்ட நுணுக்கம் பேசுவோர் கூறக்கூடும். தப்புவதற்கு ஒரே வழி இருக்குமிடத்தில், முறைக்கு வேலி போடுவதும் வழிக்கு வேலி போடுவதும் ஒன்றுதான். உப்புக் காய்ச்சும் சட்டியும் அடுப்பும் ஒருவனுக்குச் சொந்தமாயிருக்கலாம். கடல் ஒருவனுக்கும் சொந்தமன்று. 1930-ம் வருஷத்தில் தண்டிக்கும் வேதாரணியத்துக்கும் நடந்து சென்றவர்கள் நமக்குக் கற்பித்த பாடம் இதுவேயன்றோ?

சந்திரன் வழி ஒன்றுதான் இத்தகையது என்று எண்ண வேண்டாம். 1995-ம் வருஷத்தில் டி.ஆர்.டபிள்யூ. என்னும் அமெரிக்கக் கம்பெனி டெலிபோன் செயற்கைக்கோள்களுக்காக ஒரு பேடண்டு பெற்றது. பூமிக்கு மேல் 5,600 கடல் மைல் முதல் 10,000 கடல் மைல் வரையுள்ள உயரத்தில் கோள்களை நிறுத்தும் ஏற்பாடு அதில் அடங்கியிருந்தது. மறு வருஷமே அதைக் காட்டி ஐ.ஸி.ஓ. என்ற போட்டிக் கம்பெனியின் மேல் வழக்குத் தொடர்ந்தது. 1997-ம் வருஷத்தில் வழக்கு ராஜியாயிற்று. வழக்காடிய கம்பெனி தனது திட்டத்தைக் கைவிட்டு, போட்டிக் கம்பெனியிலேயே பங்குதாரராக அமர்ந்துகொண்டது. இதற்கு நேர் மாறாக, பூமியுடன் ஒத்துச் சுழலும் மூன்று கோள்களைக் கொண்டு உலகு முழுவதும் செய்தி பரப்பலாம் என்பதை 1945-ம் வருஷத்தில் ஆர்தர் கிளார்க் ஒரு பத்திரிகையில் பகிரங்கமாக எழுதினார், பேடண்டு கேட்கவில்லை. பின்னாளில் இலங்கையில் குடியேறி வாழ்ந்த அவ்வறிஞர் அந்த உயரத்துக்கு வேலி கட்டியிருந்தால் உலகின் கதி என்னவாகியிருக்கும்?

மற்றொன்று: ராக்கெட்டைக் கடலில் நிற்கும் கப்பல் மேடையில் செங்குத்தாக இறக்கும் முறைக்கு 2014-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் ப்ளூ ஆரிஜின் கம்பெனி பேடண்டு பெற்றது. அதுவரை அக்கம்பெனி எந்த ராக்கெட்டையும் கடலில் இறக்கிக் காட்டியதில்லை. அவ்வேலையில் முனைந்திருந்த ஸ்பேஸ் எக்ஸ் கம்பெனி, 1998-ம் வருஷத்திலேயே ஜப்பானிய விஞ்ஞானிகள் இதனை எழுதி வெளியிட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்காட்டி ஆட்சேபித்தது. 2015-ம் வருஷத்தில் ப்ளூ ஆரிஜின் ஆட்சேபிக்கப்பட்ட பகுதிகளைத் தானே கைவிட்டது. 2016-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஸ்பேஸ் எக்ஸின் ராக்கெட்டு கப்பலில் இறங்கிற்று. பெரிய வக்கீல்களை அமர்த்தப் பணமுள்ள கம்பெனியாதலால் அது பிழைத்தது. மதுரையிலோ கோயம்புத்தூரிலோ பத்துப் பேர் சேர்ந்து நடத்தும் ஒரு சிறு பட்டறைக்கு அமெரிக்காவில் சென்று வழக்காட வலிமை ஏது?

நிற்க. வானத்திலிருந்து பூமிக்கு இறங்குவோம். தாழ்ந்த பாதையில் செல்லும் செயற்கைக்கோள் சுமார் 90 நிமிஷத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுகிறது. அதில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு நேரம் பூமியின் நிழலில் கழிகிறது. அப்போது சூரியத் தகடுகள் ஓய்ந்துவிட, மின்கலம் ஒன்றே துணை. எந்தக் கருவியை நிறுத்துவது, எதற்கு மின்சாரம் விடுவது என்று கணக்கிட்டு நடத்துவது மென்பொருள். பூமியில் நமது மின்சாரத் தொகுப்பை நடத்துவதும் அதே விதமான கணக்குத்தான், அளவுதான் பெரிது. அந்த நிர்வாகம் பிசகினால் என்ன ஆகும் என்பதை 2012-ம் வருஷம் ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவும் கிழக்கு இந்தியாவும் கண்டன. சுமார் 60 கோடி ஜனங்கள் வசிக்கும் பிரதேசம் இருளில் மூழ்கிற்று.

இத்தகைய கணக்குக்கும் ஒருவன் உரிமை கொண்டாடலாமா? இக்கேள்வி அமெரிக்காவின் ஃபெடரல் அப்பீல் கோர்ட்டுக்கே வந்தது. எலெக்ட்ரிக் பவர் குரூப் என்ற கம்பெனி, அல்ஸ்டாம் கம்பெனியின் மேல் வழக்குத் தொடர்ந்தது. பல இடங்களிலிருந்து மின்சாரத் தொகுப்பின் நிலையைப் பற்றிய தகவல்களை உடனுக்குடன் திரட்டி, ஆராய்ந்து, திரையில் காட்டும் முறை தனது பேடண்டுக்கு உட்பட்டது என்பது அதன் வாதம். தகவலைத் திரட்டுவதும், ஆராய்வதும், காட்டுவதும் வெறும் கருத்தேயன்றிக் கண்டுபிடிப்பாகா என்று 2016-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். முதலாளித்துவத்தின் தலைநகரிலேயே இந்தத் தீர்ப்பு பிறந்ததென்பதை நம் நாட்டு மேதாவிகள் கவனிப்பார்களாக.

நமது சட்டம் இவ்விஷயத்தில் பின்தங்கியதன்று. 1911-ம் வருஷத்து வெள்ளையர் சட்டத்தின் கீழ் பேடண்டுகளில் மிகப் பெரும்பாலானவை அன்னியர் கையில் இருந்தன. அவற்றுள்ளும் மிகப் பல இந்நாட்டில் தொழிலுக்கு வரவேயில்லை. இந்த உண்மையை 1959-ம் வருஷத்து அறிக்கையில் எடுத்துக்காட்டியவர் சென்னை ஹைக்கோர்ட்டு நீதிபதியாயிருந்த ராஜகோபால ஐயங்கார் அவர்கள். அதன் வழியே 1970-ம் வருஷத்துச் சட்டம் பிறந்தது. கணித முறையும், மென்பொருள் மாத்திரமாக உள்ளதும் கண்டுபிடிப்பாகா என்று 2002-ம் வருஷத்துத் திருத்தம் தெளிவுபடுத்திற்று. 2004-ம் வருஷக் கடைசியில் ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் இந்த வாசலை அகலத் திறக்கப் பார்த்தார்கள். 2005-ம் வருஷத்தில் பார்லிமெண்டு அந்தத் திருத்தத்தை ஏற்காமல் பழைய வாசகத்தையே நிலைநிறுத்திற்று. அன்று ஜனப் பிரதிநிதிகள் விழித்திருந்தார்கள். இனியும் விழித்திருக்கச் செய்வது தேச ஊழியர்களின் பொறுப்பு.

"பேடண்டு கொடாவிட்டால் எல்லோரும் ரகசியமாக மறைத்துவிடுவார்களே!" என்று கேட்போருண்டு. இந்த ஆட்சேபம் அற்பமானதன்று. போட்டிக்காரர்கள் படித்துப் பயன்படுத்திக்கொள்வார்கள் என்பதனால் தமது கம்பெனி பேடண்டே வாங்குவதில்லை என்று ஸ்பேஸ் எக்ஸின் தலைவர் ஈலான் மஸ்க் 2012-ம் வருஷத்தில் கூறினார். ரகசியத்தின் கொடுமையை நாமும் அறிவோம். கிரையோஜெனிக் எஞ்சினைச் செய்யும் வித்தையைக் கொடுப்பதாக ருஷ்யா 1991-ம் வருஷத்தில் செய்த ஒப்பந்தம், அமெரிக்காவின் நிர்ப்பந்தத்தால் 1993-ம் வருஷத்தில் முறிந்தது. எஞ்சின்கள் வந்தன, வித்தை வரவில்லை. நம் எஞ்சினீயர்கள் திருநெல்வேலிச் சீமையில் மகேந்திரகிரி மலையடிவாரத்தில் சோதனை மேல் சோதனையாகச் செய்து, 2010-ம் வருஷத்தில் ஒரு தோல்வியும் கண்டு, 2014-ம் வருஷம் ஜனவரி 5-ந் தேதி வெற்றி பெற்றார்கள். ஆகையால் பேடண்டையே ஒழித்துவிட வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. மெய்யான புதுக் கருவிக்குப் பேடண்டு கொடுங்கள்; அதனால் ரகசியம் வெளிப்படும். ஈர்ப்புக்கும், உயரத்துக்கும், கூட்டல் கழித்தலுக்கும் கொடாதீர்கள். அவற்றில் வெளிப்பட வேண்டிய ரகசியம் ஏதுமில்லை.

இனி, பொதுப் பணத்தில் பிறந்த கண்டுபிடிப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. இவை ஏழை எளியவர் கொடுத்த வரியில் விளைந்த பயிர். அமெரிக்காவின் நாஸா 2016-ம் வருஷத்தில் தனது 56 பேடண்டுகளைப் பொதுச் சொத்தாக விடுவித்தது. நமது வானவெளி ஸ்தாபனமும் ஒரு நல்ல வழியைக் காட்டியிருக்கிறது. செயற்கைக்கோளுக்கென்று தான் செய்த லித்தியம் மின்கலத்தின் வித்தையை, எந்தக் கம்பெனிக்கும் தனியுரிமை கொடாமல், தகுதியுள்ள பல கம்பெனிகளுக்குத் தலைக்கு ஒரு கோடி ரூபாய் வீதம் கொடுக்க 2018-ம் வருஷத்தில் முன்வந்தது. வானத்துக்காகச் செய்த கலம் பூமியில் மோட்டார் வண்டியையும் ஓட்டட்டும் என்பது அதன் நோக்கம். இதுவே தருமம். ஆனால் 2017-ம் வருஷத்தில் வெளியான வானவெளிச் சட்ட நகலோ, வானவெளிக் கலத்தில் பிறக்கும் கண்டுபிடிப்புகளை மத்திய ஸர்க்காரின் சொத்தாகக் கருதலாமென்று விதித்தது. தன் சொந்த முதலைப் போட்டு உழைத்தவனுடைய பலனை ஸர்க்கார் எடுத்துக்கொள்வதும் அநியாயமே. பொதுவானதைத் தனியார் அபகரிப்பதும், தனியாரின் உழைப்பை ராஜாங்கம் அபகரிப்பதும் ஒரு தராசின் இரு தட்டுகள்.

ஆகையால் நாம் வற்புறுத்துவது மூன்று. மென்பொருளைப் பற்றிய இப்போதைய விதியைத் தளர்த்தலாகாது. பொதுப் பணத்தில் கண்டவை எவருக்கும் ஏகபோகமாகக் கொடுக்கப்படலாகாது. நம் விஞ்ஞானிகள் பேடண்டு கேட்க விரும்பாத யோசனைகளை உடனுக்குடன் அச்சிட்டு வெளியிட வேண்டும். ஜப்பானியர் எழுதிய ஒரு கட்டுரை கடலுக்கு நடுவே போட்ட வேலியைப் பிடுங்கியதை மேலே கண்டோம்.

குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024-ம் வருஷத்தில் அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து நாளை நம் பிள்ளைகள் செய்த கோள்கள் எழும்பும்போது, "இந்த வழியாகப் போகாதே" என்று அன்னிய வக்கீலொருவர் நோட்டீஸு அனுப்பும் நிலை வரலாகாது. ஸர்க்காரும் பார்லிமெண்டு அங்கத்தினர்களும் இப்பொழுதே கண் திறப்பார்கள் என்று நம்புகிறோம்; திறவாவிடில், திறக்கச் செய்வது ஜனங்களின் கடமை.