வாழையின் இரகமும் ஊர்ப்பெயரும்

ஜீயபுரம், இலால்குடி, தொட்டியம் முதலிய இடங்களிலிருந்து திருச்சிராப்பள்ளி வாழைக்காய் மண்டிக்கு வந்திறங்கும் தார்களுக்குப் பூவன், இரஸ்தாளி, நேந்திரன், மொந்தன், கற்பூரவல்லி என இரகம் பிரித்தே விலை பேசப்படுகிறது. ஆயினும் அத்தார் எந்த ஊர் மண்ணில் விளைந்ததென்று கேட்பார் அரியர். மண்டியைக் கடந்தபின் இரகப்பெயரும் பலவிடத்து மறைந்து, வெறும் 'பழம்' என்றே ஆகிவிடுகிறது. இது நிலமுடையார்க்குப் பெருநஷ்டம் என்பது எமது கருத்து.

பிரான்சு தேசத்துப் பர்கண்டிப் பிரதேசத்தார் இவ்விஷயத்தில் நமக்கு முந்தியவர்கள். (மது அருந்துதலை ஈண்டு நாம் ஆதரிக்கவில்லை, சாகுபடி முறையையே நோக்குகிறோம்.) அங்கே சிவப்பு மதுவுக்குப் பீனோ நுவார் என்னும் திராட்சையும், வெண்மதுவுக்கு ஷார்டனே என்பதும் முதன்மையானவை. மிகுதியாய்க் காய்க்கினும் தரத்திற் குறைந்ததென்று காமே என்னும் இரகத்தைப் பிடுங்கியெறியுமாறு அந்நாட்டுப் பிரபுவாகிய பிலிப்பு 1395-ஆம் ஆண்டிலேயே கட்டளையிட்டார். 1935-இல் பிரெஞ்சு அரசாங்கம் ஊர்ப்பெயரையும் இரகத்தையும் சட்டத்தாற் பிணைத்தது. இன்ன உணவுக்கு இன்ன மது என்பதும் அங்கு வழக்கு. ஷாப்லி என்னும் ஊரின் வெண்மதுவைக் கடற்சிப்பியோடும், சிவப்பு மதுவை இறைச்சிக் குழம்போடும் சேர்ப்பர்.

இவ்வறிவு நம்மவர்க்குப் புதிதன்று. பூஜைக்கும் தாம்பூலத்திற்கும் பூவன், வறுவலுக்கு நேந்திரன், கறிக்கு மொந்தன் என்று ஸ்ரீரங்கத்து இல்லத்தரசியர் எவரும் சொல்வர். தித்திப்பில் கற்பூரவல்லி மிஞ்சியதேயாயினும், விருந்தின் இலையோரத்தில் வைக்கத்தக்கது இரஸ்தாளியே என்போம். நன்கு கனியுமுன் உண்டால் துவர்க்கும். பொறுத்திருப்பவர்க்கே அதன் சுவை.

ஆனால் அந்த இரஸ்தாளிக்குத்தான் ஆபத்து மிகுதி. பனாமா வாடல்நோயைப் பூவன் ஓரளவு தாங்கும், இரஸ்தாளி தாங்காது. நோயை விளைக்கும் பூஞ்சையோ வாழை இல்லாத மண்ணிலும் பல்லாண்டு உயிர்த்திருக்கும். கருநாடகத்து நஞ்சன்கூட்டின் 'ரசபாளெ' நமது இரஸ்தாளியின் இனமே. அது புவிசார் குறியீடும் பெற்றது. எனினும் இந்நோயால் அதன் தோட்டங்கள் மிகச் சுருங்கின. பெயரைப் பதிந்துவிட்டாற் போதுமெனக் கருதுவோர் நஞ்சன்கூட்டை ஒருமுறை நோக்குவாராக.

ஆதலின் பெயரைக் காக்குமுன் கன்றைக் காத்தல் வேண்டும். நோய் கண்ட தோட்டத்துக் கன்றை விலையின்றிக் கொடுப்பினும் வாங்கலாகாது. அந்நிலத்தில் வாழையை நிறுத்தி நெல்லை மாற்றிப் பயிரிடுதல் நலம். காவிரிப் பாய்ச்சலுள்ள நன்செயில் இது அரிதன்று. ஐயமுடையோர்க்கு 1993 முதல் திருச்சியிலேயே தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது.

கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் ஒரு விண்ணப்பம். அடங்கலில் வாழையைக் குறிக்குமிடத்து இரகத்தையும் சேர்த்தெழுதி வருவார்களாயின், எவ்வெவ்வூரில் இரஸ்தாளி எஞ்சியுள்ளதென்பது எளிதில் விளங்கும். நிலத்தை நேரிற் சென்று பார்த்து எழுதுவோர்க்கு இதனால் உழைப்பு மிகாது.

நன்செயில் இரஸ்தாளி நடவுக்குப் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஏற்ற பருவம். இரண்டு மூன்று மாத வயதும் 1½ முதல் 2 கிலோ எடையும் உள்ள ஈட்டிக் கன்றுகளை, நோயற்ற தோட்டத்தினின்று இப்போதே பார்த்துக் குறித்துவைத்தல் வேண்டும்.