அளக்காத நேரத்துக்குப் பூச்சியம் எழுத வேண்டாம்



கொஞ்சம் நீளமான பதிவு. கணினி பற்றியதுதான், ஆனால் ஊர்க் கிணற்றோடு சம்பந்தப்பட்டது. பொறுமையாக வாசியுங்கள்.

கடந்த கோடையில் பள்ளிவாசல் கிணறு வற்றுகிறது என்று ஒரு பேச்சு வந்தது நினைவிருக்கும். வுழூவுக்குத் தண்ணீரைச் சிக்கனமாகப் பாவிக்கச் சொல்லி ஜும்ஆவுக்குப் பின் அறிவித்தார்கள். பௌசருக்குக் காசும் கட்டினார்கள். அந்தப் பேச்சுக்குக் காரணம் எங்கள் உயர்தர மாணவர்கள் வரைந்த ஒரு வரைபடம். அதைச் சரிபார்க்காமல் நிர்வாகத்திடம் கொடுத்தவர்கள் ஆசிரியர்களாகிய நாங்கள். பிறகு மோதினார் கயிற்றில் வாளியைக் கட்டி இறக்கிப் பார்த்தார். எட்டு அடித் தண்ணீர் அப்படியே இருந்தது.

எங்கே பிழைத்தது? கிணற்று வாயில் ஒரு சென்சர் பூட்டியிருந்தோம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பைத்தன் நிரல் அதை வாசித்துப் பதியும். மின்சாரம் போய் சென்சர் பதில் சொல்லாத நேரங்களில் நிரல் நின்றுவிடக் கூடாது என்று, "பதில் வராவிட்டால் பூச்சியம் என்று எழுது" என ஒரு வரி சேர்த்திருந்தார்கள். ஒரு நாளில் ஆறு மணித்தியாலம் சென்சர் செத்துக் கிடந்தால் கணக்கு என்னவாகும்? பதினெட்டு மணித்தியாலம் எட்டு அடி, ஆறு மணித்தியாலம் பூச்சியம், சராசரி ஆறு அடி. கிணற்றில் ஒரு சொட்டும் குறையவில்லை, வரைபடத்தில் இரண்டு அடி இறங்கிவிட்டது.

பிள்ளைகளைக் குற்றம் சொல்லி வேலையில்லை. பரீட்சையில் வெற்றிடம் விடாதே, எதையாவது எழுது என்று சொல்லிக் கொடுத்தவர்கள் நாங்கள்தானே.

இதற்குப் பிறகு பதிவு முறையையே மாற்றினோம். இப்போது பாவிப்பது ஆர்ஆர்டிடூல். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த டோபியஸ் ஓட்டிக்கர் எழுதி 1999இல் வெளியிட்ட இலவச மென்பொருள். வலையமைப்புகளில் எவ்வளவு தரவு ஓடுகிறது என்று பார்க்கப் பிறந்தது. நேரத்தோடு மாறும் எந்த அளவுக்கும் பொருந்தும். பைத்தனிலிருந்து அழைக்க அதே பெயரில் நூலகம் உண்டு. கிரியேட், அப்டேட், கிராஃப் என்று மூன்று கட்டளை தெரிந்தால் வேலை தொடங்கலாம். உயர்தரத்தில் பைத்தன் படிக்கும் பிள்ளைக்கு இது ஒரு வாரப் பாடம்.

அதன் வேலை தஸ்பீஹ் மணி உருட்டுவது போன்றது. கடைசி மணிக்குப் பின் மறுபடி முதல் மணி. கோப்பை உருவாக்கும்போதே எத்தனை இடம் என்று சொல்லிவிட வேண்டும். ஐந்து நிமிட அளவுகளை ஒரு வருடத்துக்கு வைக்க 1,05,120 இடம். ஒன்றுக்கு எட்டு பைட், மொத்தம் ஒரு மெகாபைட்டை எட்டாது. நாளொன்றுக்கு ஓர் அளவு என்று பத்து வருடத்துக்குத் தனியாக வைத்தால் இன்னும் சுமார் 29 கிலோபைட். பத்து வருடம் போனாலும் கோப்பு இதே அளவில்தான் இருக்கும். மூலையில் கிடக்கும் பழைய கணினி போதும். மாதாமாதம் டொலரில் காசு கட்டும் இணையச் சேவை எதற்கு என்பது எங்கள் கேள்வி.

ஆனால் எங்களுக்குப் பிடித்தது வேறொன்று. அதற்குத் "தெரியாது" என்று சொல்லத் தெரியும். அளவு கிடைக்காவிட்டால் எண்ணுக்குப் பதில் 'யூ' என்ற ஓர் எழுத்தைக் கொடுக்கலாம். நாம் ஒன்றுமே கொடுக்காமல் குறித்த நேரம் கடந்தாலும் அந்த இடத்தைத் தானே 'தெரியாது' என்று குறித்துக்கொள்ளும். ஆகக் கூடியது, ஆகக் குறைந்தது என்று எல்லை போட்டுவிட்டால், பன்னிரண்டு அடிக் கிணற்றில் நாற்பது அடி என்று சென்சர் உளறுவதையும் ஏற்காது. சராசரி எடுக்கும்போது தெரிந்த நேரத்தை மட்டும் எடுக்கும். பாதிக்கு மேல் தெரியாவிட்டால் அந்த நாளையே தெரியாத நாளாக விடச் சொல்லலாம். வரைபடத்தில் கோடு அறுந்து நிற்கும். பார்க்க அழகில்லை, ஆனால் அது உண்மை.

குறையும் உண்டு. கடைசியாகப் பதிந்த நேரத்துக்கு முந்திய அளவைப் பிறகு சேர்க்க விடாது. கொப்பியில் எழுதி வைத்ததை மறுநாள் ஏற்றலாம் என்ற கதை இங்கு நடக்காது. சுற்று முடிந்தால் பழைய நுணுக்கமான அளவுகளும் அழிந்துவிடும். அதனால் ஒவ்வொரு அளவையும் ஒரு சாதாரணக் கோப்பிலும் எழுதி வைக்கிறோம். மின்சாரம் வந்த பின் கணினியின் கடிகாரம் சரியா என்றும் பார்க்க வேண்டும். தனிக் கடிகார பற்றரி இல்லாத சிறிய கணினிகள் இணையம் கிடைக்கும்வரை பிழையான நேரத்தில் ஓடும்.

நேரம் என்றதும் பெரியவர்களுக்கு ஒன்று நினைவு வரலாம். 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினோம், ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தோம், 2006 ஏப்ரலில் பழையபடி வந்தோம். 'பழைய நேரமா, புதிய நேரமா' என்று கேட்டுக் கேட்டே நாள் போனது. ஆர்ஆர்டிடூல் 1970 ஜனவரி முதலாம் திகதி தொடக்கம் கடந்த செக்கன்களை உலகப் பொது நேரத்தில் எண்ணி வைக்கிறது. நாம் கடிகாரத்தை எப்படித் திருப்பினாலும் அந்தக் கணக்கு குழம்பாது.

எக்செல் போதாதா என்று சிலர் கேட்டார்கள். போதும், தினமும் ஒருவர் உட்கார்ந்து கவனமாக எழுதினால். அங்கேயும் அளக்காத கட்டத்தை வெறுமையாக விட வேண்டும்.

ஆகவே நிர்வாகத்தினரிடமும் பெற்றோரிடமும் இரண்டு வேண்டுகோள். வரைபடத்தோடு யாராவது வந்தால், பிள்ளைகளாக இருந்தாலும் எங்களைப் போன்ற ஆசிரியர்களாக இருந்தாலும், "அளக்க முடியாத நேரத்துக்கு என்ன எழுதினீர்கள்?" என்று முதலில் கேளுங்கள். பிள்ளை "தெரியாது" என்று சொன்னால் ஏசாதீர்கள். எங்கள் பூச்சியத்துக்கு ஊர் பௌசர் காசு கட்டியது.

கயிறும் வாளியும் கிணற்றடியில் அப்படியே இருக்கட்டும். மாதம் ஒருமுறை மாணவர்களே இறக்கிப் பார்த்து சென்சரோடு ஒப்பிடுகிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஆர்வம் இருந்தால் அனுப்பி வையுங்கள், சொல்லிக் கொடுக்கிறோம்.