ஒரு சோறு பதமாகுமா?

நுழையும்முன்

மனிதர் சிந்திக்கும்போதே மூளையைப் படமெடுக்கும் கருவிகள் வந்துவிட்டன. அப்படங்களைக் கொண்டு ஒருவரின் அறிவு, இயல்பு, உண்மை ஆகியவற்றைக் கணித்துவிடலாம் என்னும் நம்பிக்கையும் வளர்ந்து வருகிறது. ஒருமுறை எடுத்த படம் அவ்வளவு பெரிய முடிவைத் தாங்குமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பானையும் அருவியும்

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது பழமொழி. ஒரே அரிசி, ஒரே உலைநீர், ஒரே தீ. ஆதலால் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தால் பானை முழுவதும் வெந்ததா என்பது விளங்கிவிடும். பருக்கைக்குப் பருக்கை வேறுபாடு மிகச் சிறிது என்பதே இப்பழமொழியின் அடிப்படை. அவ்வடிப்படை இல்லாத இடத்தில் பழமொழி செல்லாது.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே உயர்ந்து நிற்கும் கல்வராயன் மலையில் இதனைக் காணலாம். வெள்ளிமலைப் பகுதியிலுள்ள பெரியார் அருவியை மழைக்காலத்தில் கண்டவர் அதன் இரைச்சலைக் கூறுவார். கடுங்கோடையில் கண்டவர் பாறையைக் கூறுவார். இருவரும் பொய் கூறவில்லை. எனினும் ஒருநாள் கண்டதையே அருவியின் இயல்பு என்று இருவருள் எவர் கூறினாலும் அது பிழையாகும். அம்மலையின் நீரைத் தேக்கும் கோமுகி அணையின் நீர்மட்டம் நாள்தோறும் குறிக்கப்படுவதும் இதனாலேயே.

மூளையின் செயல்பாடு பானைச் சோற்றைப் போன்றதா, மலையருவியைப் போன்றதா?

படம் பிறக்கும் விதம்

மூளையின் ஒரு பகுதி செயல்படும்போது அங்குப் புதுக்குருதி தேவைக்கும் மிகுதியாகப் பாய்கிறது. உயிர்வளி ஏந்திய ஹீமோகுளோபினும் அதனை இழந்த ஹீமோகுளோபினும் காந்தப் பண்பில் வேறுபடுகின்றன. இவ்வேறுபாட்டைப் படமாக்கலாம் என்பதை ஜப்பானிய அறிவியலறிஞர் சீஜி ஒகாவா 1990இல் வெளிப்படுத்தினார். அதிலிருந்து வளர்ந்ததே செயல்சார் எம்.ஆர்.ஐ.

எனவே, இப்படம் எண்ணத்தின் நிழற்படம் அன்று; எண்ணத்தைத் தொடர்ந்து பாயும் குருதியின் தடம். குறிகையின் மாற்றமோ பெரும்பாலும் சில விழுக்காடே. தலை சற்று அசைந்தாலும், மூச்சின் போக்கு மாறினாலும், உறக்கம் வந்தாலும் அம்மாற்றம் கலங்கிவிடும். அமெரிக்க உளவியலறிஞர் ரஸ்ஸல் போல்ட்ராக் ஏறத்தாழ 18 மாதங்கள் தம் மூளையையே திரும்பத் திரும்பப் படமெடுத்தார். உணவும் காப்பியும் அருந்திய நாள்களிலும் அருந்தாத நாள்களிலும் மூளைப் பகுதிகளின் இணைப்பு வேறுபட்டிருந்தது. ஒரு குவளைக் காப்பிக்கே மாறக்கூடிய படத்தைக் கொண்டு ஒருவரின் நிலையான இயல்பை உரைப்பது எளிதன்று.

திரும்ப அளந்தபோது

மீண்டும் அளந்தாலும் அதே விடை கிடைக்கும் தன்மையை மீள்நிகழ்தன்மை என்பர். இதனைச் சோதிக்க இலண்டன் ஆய்வாளர்கள் ஒரே மனிதரை இரண்டு மாதங்களில் 99 அமர்வுகளில் படமெடுத்து, முடிவுகளை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். உடலியக்கம், பார்வை, சிந்தனை ஆகிய மூன்று எளிய பணிகள் தலா 33 முறை செய்யப்பட்டன. மனிதர் ஒருவரே, பணியும் ஒன்றே. எனினும் படங்கள் அமர்வுக்கு அமர்வு வேறுபட்டன. ஓர் அமர்வை மட்டுமே வைத்திருப்பவர் அந்நாளின் நிகழ்வை அம்மனிதரின் இயல்பு எனத் தவறாகக் கூறக்கூடும் என்று அவர்கள் எச்சரித்தனர்.

அதே தரவுகளை 2005இல் மறுபடி ஆராய்ந்த மற்றொரு குழுவினர், வேறுபாடு அஞ்சிய அளவுக்குப் பெரிதன்று என்றும், பகுப்பாய்வு முறையும் அதன் அளவை மாற்றுகிறது என்றும் காட்டினர். அறிவியல் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் முறைக்கு இது நல்ல சான்று. ஆனால், சிக்கல் தீர்ந்துவிடவில்லை. 2020இல் ஒரே தரவுத் தொகுப்பு 70 குழுக்களிடம் தனித்தனியே அளிக்கப்பட்டது. ஒன்பது கருதுகோள்கள் ஆராயப்பட்டன. பகுப்பாய்வு முறை எந்த இரு குழுக்களுக்கும் ஒன்றாக இல்லை. பல கருதுகோள்களில் முடிவுகளும் முரண்பட்டன. அதே ஆண்டில் 90 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, பணி சார்ந்த படங்களின் நம்பகத்தன்மை சராசரியாக ஏறத்தாழ 0.4 என்று தெரியவந்தது. முழு ஒற்றுமைக்கு மதிப்பு 1.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்க ஆய்வாளர்கள் இறந்துபோன சால்மன் மீன் ஒன்றைக் கருவிக்குள் வைத்து, மனிதர்களின் படங்களை அதற்குக் 'காட்டினர்'. உரிய புள்ளியியல் திருத்தமின்றிக் கணக்கிட்டபோது மீனின் மூளை 'செயல்பட்டது'! திருத்தம் செய்தவுடன் அச்செயல்பாடு மறைந்தது. ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒருங்கே சோதித்தால் சில தற்செயலாகவே ஒளிரும் என்பதை உணர்த்திய இவ்வாய்வுக்கு 2012இல் இக் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

எதனை நம்பலாம்?

இதனால் எம்.ஆர்.ஐ. பொய் என்று முடிவு கட்டுவது அறியாமை. கட்டி, குருதிக்கசிவு, பக்கவாதம் ஆகியவற்றைக் கண்டறிய மருத்துவமனையில் எடுக்கப்படும் படம் மூளையின் அமைப்பைக் காட்டுவது. அதன்மேல் இவ்வையம் விழாது. செயல்சார் படங்களும் பலருடைய சராசரியைக் கூறும்போது உறுதியானவை. பார்வைக்குரிய பகுதி பிடரிப்பக்கம் உள்ளது என்பதை அவை மீண்டும் மீண்டும் காட்டுகின்றன. ஒரு படத்தைக் கொண்டு ஒரு தனிமனிதரைத் தீர்ப்பிடும் இடத்தில்தான் இடர் தொடங்குகிறது.

நீதிமன்றத்தில் அவ்விடர் ஒருவரின் விடுதலையையே தொடக்கூடியது. 2008இல் புனே நீதிமன்றம் ஒன்று மூளையின் மின்னலைச் சோதனை முடிவையும் சான்றுகளுள் ஒன்றாக ஏற்றுத் தண்டனை வழங்கியது. அது வேறு வகைக் கருவி. ஆயினும் ஒரு சோதனையை மனத்தின் சாட்சியாகக் கொள்ளும் எண்ணம் ஒன்றே. 2010 மே 5 அன்று, செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்னும் வழக்கில், எவரையும் இத்தகைய சோதனைகளுக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று இந்திய உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனித உரிமையையும் அறிவியலின் எல்லையையும் ஒருங்கே காத்த தீர்ப்பு அது.

நாளை இப்படங்கள் கல்விக்கூடத்திற்குள்ளும் நுழையலாம். கல்வராயன் மலையின் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி மாணவர் ஒருவரைக் கள்ளக்குறிச்சிக்கு அழைத்து வந்து, ஒருமுறை படமெடுத்து, 'இவருக்குக் கணிதம் வராது' என்று எழுதிவிட்டால் அவ்வெழுத்தை அழிப்பவர் யார்? நெடும்பயணக் களைப்பும் இருண்ட குழாயின் அச்சமும் அப்படத்தில் கலந்திருக்கும். அவை மூளையின் திறன் ஆகா.

பலமுறை படமெடுக்கப் பொருட்செலவு மிகும் என்பர். உண்மையே. பலமுறை அளக்க இயலாதபோது, முடிவையும் சுருக்கியே கூற வேண்டும். செலவைக் காரணம் காட்டிச் சிறிய சான்றின்மேல் பெரிய தீர்ப்பை ஏற்றுவது முறையன்று.

பதினோராம் வகுப்பு இயற்பியல் ஆய்வகத்தில் தனிஊசலின் அலைவுநேரம் ஒருமுறைக்கு மேல் அளக்கப்பட்டுச் சராசரி காணப்படுகிறது. நூலில் கட்டிய ஒரு குண்டுக்கே இவ்வளவு கவனம் வேண்டியிருக்கிறது. ஆராய்ந்த பின்னரே ஒருவரைத் தெளிதல் வேண்டும் என்பதற்காகத் 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரத்தையே வகுத்தார் வள்ளுவர். மூளையின் படத்தை ஏந்தி வருவோரிடம் மாணவர் முதலில் வினவ வேண்டியது, 'எத்தனை முறை அளந்தீர்கள்?' என்பதே.