ஒட்டுப்போட்ட படகுகளும் தீவக மக்களின் உயிரும்

நெடுந்தீவுக்கான படகுச் சேவை தடைப்படும் ஒவ்வொரு முறையும் இரண்டு செய்திகள் வெளிவரும். ஒன்று, படகு பழுது. மற்றையது, புதிய படகு தரப்படும் என்ற வாக்குறுதி. பழுதான படகை யார், எங்கே, எந்த முறையில் திருத்துகிறார்கள், திருத்தம் சரிதானா என்று யார் பார்க்கிறார்கள் என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை. தீவக மக்களின் பாதுகாப்பு அந்தக் கேள்வியில்தான் தங்கியிருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, காரைநகர் ஆகியவற்றுக்குத் தரைவழி உண்டு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு மக்களுக்குக் கடல் மட்டுமே வழி. நோயாளியும் கர்ப்பிணித் தாயும் ஆசிரியரும் அரிசி மூட்டையும் படகில்தான் வரவேண்டும்.

இன்று கரையோரத்தில் உள்ள சிறிய படகுகளில் பெரும்பாலானவை பைபர் படகுகள். பாரில் மோதினாலோ இறங்குதுறையில் உராய்ந்தாலோ வெடிப்பு விழும். அதற்கு பைபர் மட்டும் றெசினும் கொண்டு ஒட்டுப்போடுவார்கள். பார்வைக்கு எளிய வேலை. ஆனால் இறுகிப்போன பழைய றெசினோடு புதிய றெசின் ஒன்றாகக் கலப்பதில்லை. சுரண்டிய பரப்பைப் பற்றிக்கொண்டே நிற்கிறது. ஆகவே வெடிப்பைச் சுற்றி நன்றாகத் தேய்த்து, விளிம்பைச் சரிவாக இறக்கி, உப்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் நீக்கி, முழுமையாகக் காயவிட்ட பின்னரே ஒட்டவேண்டும். தடிப்பைப்போல் சுமார் 12 மடங்கு நீளத்துக்குச் சரிவு இருக்கவேண்டும் என்பது பொது அளவு. ஈரம் காயுமுன் அவசரமாகப் போட்ட ஒட்டு அலை அடிக்க அடிக்க உரிந்துவிடும். மேலே பெயின்ற் பூசிவிட்டால் நல்ல ஒட்டுக்கும் மோசமான ஒட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. படகில் ஏறும் தாய்க்கும் தெரியாது, பயணச்சீட்டுக் கொடுப்பவருக்கும் தெரியாது.

இதே வேலை விமானத்துறையிலும் நடக்கிறது. பல சிறிய விமானங்களின் இறக்கைக்குள் இறப்பர் பூசிய துணியாலான எரிபொருள் பைகள் உள்ளன. அவை கிழிந்தால் பசையும் ஒட்டும் கொண்டே திருத்துகிறார்கள். எவ்வளவு பெரிய கிழிசலுக்கு ஒட்டுப்போடலாம், கிழிசலுக்கு அப்பால் ஒட்டு எவ்வளவு நீளவேண்டும், பசை எத்தனை மணிநேரம் காயவேண்டும் என்பதெல்லாம் கைநூலில் எழுதப்பட்டிருக்கும். பின்னர் பைக்குள் அமோனியா வாயுவை நிரப்பி, பினோப்தலீன் கரைசலில் நனைத்த துணியை வெளியே விரிப்பார்கள். வாயு கசியும் இடத்தில் துணி சிவக்கும். சோதனை முடிந்ததும் வேலை செய்தவர் பதிவேட்டில் கையொப்பமிடுவார். வானத்தில் பறப்பதற்கே ஒட்டு போதுமென்றால் ஒட்டில் குறையில்லை. சோதிக்காத, பதியாத ஒட்டுத்தான் ஆபத்து.

எங்கள் கரைகளில் அந்த ஒழுங்கு ஏன் இல்லை? கைத்திறன் இல்லாததால் அல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலைத் தொட்டுக் கிளப்பி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியது இந்தச் சமூகம். நோர்வே உதவியுடன் உருவான சீநோர் நிறுவனத்தின் படகு கட்டும் தளம் தீவகத்தின் காரைநகரிலேயே இயங்கியது. போர் அதை முடக்கியது. தளம் போனதோடு, பழகிய தொழிலாளிக்குப் பக்கத்தில் நின்று இளையவர் கற்கும் வழியும் குறுகியது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது, எரிபொருளுக்கே கடன்படும் தொழிலாளி திருத்தத்தில்தான் முதலில் கைவைத்தான். நல்ல றெசினும் இரண்டு நாள் காத்திருப்பும் அவனுக்கு ஆடம்பரமாயின.

குமுதினியின் கதையை இங்கு மறக்க முடியாது. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் நோக்கி வந்த அந்தப் படகில் கைக்குழந்தை உட்படப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். அந்தப் படகு பின்னரும் திருத்தப்பட்டு, அதே கடலில் அதே மக்களை ஏற்றியது. 2017 இல் நெடுந்தாரகை விழா எடுத்து வெள்ளோட்டம் விடப்பட்டது. அதுவும் பழுதாகி நின்ற காலங்கள் உண்டு. வெள்ளோட்டத்துக்கு அமைச்சர்கள் வருவார்கள். படகின் அடிப்பலகையைப் பார்க்க எவரும் வருவதில்லை.

கேட்கவேண்டியவை பெரியவை அல்ல. ஒவ்வொரு பயணிகள் படகிலும் திருத்தப் பதிவேடு இருக்கவேண்டும். பெரிய ஒட்டுப்போட்ட படகு, வணிகக் கப்பற்றுறைச் செயலகத்தின் பரிசோதனைக்குப் பின்னரே ஆட்களை ஏற்றவேண்டும். தீவகத்துக்குள்ளேயே படகை ஏற்றிக் காயவைத்துத் திருத்தக்கூடிய கூரையுள்ள தளம் ஒன்று வேண்டும். அங்கே இளைஞர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் கிடைக்கவேண்டும்.

அடுத்த முறை புதிய படகு பற்றிய வாக்குறுதி வரும்போது, அதைத் திருத்தப்போவது யார் என்று தீவக மக்கள் கேட்கட்டும். அதற்குப் பதில் இல்லாவிட்டால், அந்தப் புதிய படகும் சில வருடங்களில் கரையில்தான் கிடக்கும்.